மேல் பல் எடுத்த பிறகு மூக்கில் தண்ணீர் வருகிறதா?

(வல்லத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. வராத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று பல குழுக்கள் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேசலாம் என்றதும் பின்வரிசையில் ரெண்டு மூணு பேர் சிரிக்கிறீங்க. பல்லுக்கெல்லாம் ஒரு கூட்டமா என்று தோணும். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடுமாமே, நெசமா?" வயசான ஆயாவும் கேட்கிறாங்க, பன்னிரண்டாவது படித்த பெண்ணும் கேட்கிறாங்க. அதனாலேயே சொத்தைப் பல்லை வருஷக் கணக்கில் வைத்துக்கொண்டு, கிராம்பும் கற்பூரமும் வைத்து வலியை அடக்கிட்டு வேலைக்குப் போறோம்.

முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம். மேல் பல்லை எடுப்பதால் கண் பார்வை போகாது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. ஆனால் மேல் கடைவாய்ப் பல்லுக்கும் கண்ணுக்கும் நடுவில் வேறொன்று இருக்கு. அதைப் பற்றி நமக்கு யாரும் சொல்வதில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில் கை வைத்துப் பாருங்க. அந்த எலும்புக்குள்ளே கெட்டியாக ஒன்றும் இல்லை. ஒரு காலி அறை இருக்கு. உள்ளே காற்றுதான். இதைத்தான் சைனஸ் என்கிறோம். சைனஸ் என்றால் ஒரு நோய் என்று நாம் நினைத்திருக்கிறோம், "எனக்கு சைனஸ் இருக்கு" என்கிறோம். உண்மையில் அது எல்லோருக்கும் இருக்கிற அறையின் பெயர். முகத்தில் இந்த மாதிரி அறைகள் பல இருந்தாலும் பெரியது கன்னத்து அறைதான். வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய 15 மில்லி பிடிக்கும், அதாவது இருமல் மருந்து குடிக்கிற மூடியில் ஒன்றரை மூடி. அந்த அறைக்கு மூக்குக்குள் ஒரு சின்ன வாசல் உண்டு. உள்ளே ஊறும் சளி அந்த வாசல் வழியாகத்தான் மூக்குக்கு வடியும்.

இப்போது நம் வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்க. பரண் பலகையில் கீழேயிருந்து நீளமான ஆணி அடித்தால் முனை மேலே எட்டிப் பார்க்குமில்லையா? மேல் கடைவாய்ப் பல்லின் வேர்கள் அப்படித்தான் இருக்கு. சைனஸ் அறையின் தரை, அந்த வேர்களுக்கு மேலே மெல்லிய எலும்பு. சிலருக்கு அந்த எலும்பு காகிதம் மாதிரி இருக்கும். சிலருக்கு எலும்பே இல்லாமல் ஒரு சவ்வு மட்டும் இருக்கும். அந்தப் பல்லை எடுக்கும்போது, இறுகின ஆணியோடு பலகைச் சிராயும் வருவது மாதிரி, எலும்புத் துண்டும் சேர்ந்து வந்துவிடலாம். அப்போது வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிடுகிறது.

இது அடிக்கடி நடப்பதில்லை. பயந்துகொண்டு பல் எடுக்காமல் இருந்துவிடாதீங்க, நாங்கள் சொல்வது அதற்காக இல்லை. நல்ல மருத்துவர் கையிலும் நடக்கலாம், அது அவர் தப்பு என்றும் அர்த்தமில்லை. வேர் அப்படி அமைந்திருந்தால் அப்படித்தான். பக்கத்துப் பல்லெல்லாம் விழுந்து ஒற்றைக் கடைவாய்ப் பல் மட்டும் நிற்கிறவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். பல் போன இடத்தில் சைனஸ் அறை மெள்ள மெள்ளக் கீழே இறங்கி வந்துவிடும். வேர் நுனியில் நாள்பட்ட சீழ் இருந்து எலும்பை அரித்திருந்தாலும் ஓட்டை விழலாம்.

விழுந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? வாய் கொப்பளித்தால் தண்ணீர் மூக்கில் வரும். ஒரு பக்க மூக்கில்தான் வரும், எந்தப் பக்கம் பல் எடுத்தோமோ அந்தப் பக்கம். டீ குடித்தால் மூக்கில் டீ. பல் எடுத்த குழியில் காற்று "புஸ்" என்று போய் வருவது தெரியும். சிலருக்குப் பேச்சு மூக்கடைத்த மாதிரி மாறும். உறிஞ்சிக் குடிக்க முடியாது. இதெல்லாம் உடனே தெரிவது. கவனிக்காமல் விட்டால், சில நாளிலோ சில வாரத்திலோ அந்தப் பக்கக் கன்னம் கனக்கும். நாற்று நடக் குனிந்தால் கன்னத்தில் "விண் விண்" என்று தெறிக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வரும். வாயில் உப்பாகவோ கசப்பாகவோ ஏதோ வடிந்துகொண்டே இருக்கும். வாயில் இருக்கும் சோறும் கிருமியும் அந்தச் சுத்தமான அறைக்குள் போய்ச் சீழ் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நம் குழு உறுப்பினர் ஒருவர் கதையைச் சொல்லணும். பெயரும் ஊரும் வேண்டாம், அவரே அனுமதி கொடுத்தார். மேல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டு வந்தார். ரெண்டாம் நாள் கூழ் குடிக்கும்போது மூக்கில் வந்தது. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தாங்க. அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அன்றையிலிருந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்படியில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதில்லை. அப்புறம் சளி, நாற்றம், தலைவலி. வாய் நாற்றம் மற்றவர்களுக்குத் தெரியுமோ என்று குழுக் கூட்டத்திலும் ஓரமாக உட்காருவார். நாங்கள்கூட அவருக்குக் குழுவில் ஏதோ மனஸ்தாபம் என்றுதான் நினைத்தோம். மெடிக்கல் கடையில் சளி மாத்திரை, அப்புறம் வேறொரு மாத்திரை, ஆவி பிடிப்பது, இப்படியே ஏழு மாதம். நடுவில் உள்கடன் வாங்கி ஸ்கேன் வரைக்கும் போனார், தலைக்கு. பல் எடுத்த விஷயத்தை அவர் எங்கேயும் சொல்லவில்லை. அவங்களும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், "ஒரு பக்கம் மட்டும்தானே? அந்தப் பக்கம் மேல் பல் எடுத்தீங்களா அம்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்கு ஏழு மாதம் ஆயிற்று. இப்போது அவருக்கு ஓட்டை மூடியாச்சு, பந்தியில் உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறார்.

இதனால்தான் ஊக்குநர்களிடமும் பிரதிநிதிகளிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவக் கடன் கேட்டு மனு வரும்போது, "ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றச் சளி" என்று யாராவது சொன்னால், மேல் பல் எடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெட்கப்பட இதில் என்ன இருக்கு? இது ரொம்பப் பழைய சங்கதி. இங்கிலாந்தில் ஹைமோர் என்றொரு மருத்துவர் இருந்தார். மனித உடம்பைப் பற்றி 1651ல் ஒரு புத்தகம் போட்டார். அதில் இந்தக் கன்னத்து அறையைப் பற்றி எழுதும்போது, தன்னிடம் வந்த ஒரு பெண்மணியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு மேல் பல் ஒன்றை எடுத்த பிறகு ஓட்டை விழுந்து நீர் வடிந்துகொண்டே இருந்திருக்கிறது. எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வெள்ளி ஊசியை உள்ளே விட்டிருக்கிறார். அப்புறம் ஒரு பறவை இறகை விட்டிருக்கிறார். அது போய்க்கொண்டே இருக்க, மூளைக்கே போய்விட்டதோ என்று அரண்டுபோய் மருத்துவரிடம் ஓடி வந்தார். மூளைக்குப் போகவில்லை, காலி அறைக்குள்தான் போயிருக்கு என்று அவர் விளக்கினார். இன்றைக்கும் மருத்துவப் படிப்பில் அந்த அறைக்கு ஹைமோர் பெயர் உண்டு. அந்த அம்மா பெயர் நமக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

நாமும் அதைத்தான் செய்கிறோம். குழியில் ஏதோ இருக்கு என்று ஊக்கு, தீக்குச்சி, துடைப்பக் குச்சி, வேப்பங்குச்சி என்று கைக்குக் கிடைத்ததை விட்டுக் குடைகிறோம். தயவு செய்து வேண்டாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு, அதையும் வீட்டில் செய்து பார்க்காதீங்க. மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது அது. நாம் பலமாக ஊதினால் சின்ன ஓட்டை பெரிய ஓட்டையாகிவிடும், கிருமியும் மேலே போய்விடும்.

சரி, ஓட்டை விழுந்துவிட்டால் என்ன செய்வாங்க?

ஓட்டை ரொம்பச் சின்னது, ரெண்டு மில்லிமீட்டருக்குள், ஒரு அரிசியின் அகலம் என்றால், பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். குழியில் உறைந்து நிற்கும் இரத்தக் கட்டியே மூடி போட்ட மாதிரி அடைத்து, அதன் மேல் சதை வளர்ந்துவிடும். அந்தக் கட்டி கலையாமல் காப்பாற்றுவதுதான் நம் வேலை. அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் குழிக்குள் கரையும் பஞ்சு மாதிரி ஒரு பொருளை வைத்து, மேலே ஈறை இழுத்துத் தையல் போடுவாங்க. ஒரு மிளகு அளவு, அஞ்சு மில்லிமீட்டரைத் தாண்டினால், பக்கத்துச் சதையைக் கொண்டுவந்து மூடுகிற அறுவை சிகிச்சை தேவைப்படும்.

எந்த அளவாக இருந்தாலும், அன்றைக்கே அல்லது ரெண்டு நாளைக்குள் தெரிந்து மூடினால் பெரும்பாலும் ஒரே தடவையில் முடிந்துவிடும். நாளானால்தான் சிக்கல். காது குத்திக்கொண்டோமே, நினைத்துப் பாருங்க. குத்தின உடனே கம்மலைக் கழற்றினால் தூர்ந்துவிடும். கம்மலோடு விட்டுவிட்டால் உள்ளே தோல் கட்டிவிடும், பிறகு வருஷக் கணக்கில் போடாமல் விட்டாலும் லேசில் தூராது. பல் குழி ஓட்டையும் அதே மாதிரிதான். சில வாரம் திறந்தே இருந்தால் ஓட்டையின் உள்பக்கம் முழுக்கத் தோல் படர்ந்து, நிரந்தர வழியாகிவிடும். புரை ஓடிப்போச்சு என்போமே, அது. அப்புறம் எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் தானாக மூடாது. கனமான தோடு போட்டுக் காது அறுந்தவர்களுக்கு, ஓரத்துத் தோலைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி அப்புறம்தான் தையல் போடுவாங்க, பார்த்திருப்பீங்க. இதிலும் உள்தோலை எடுத்துவிட்டுத்தான் மூடணும்.

அதற்கு முன்னால் சைனஸுக்குள் இருக்கும் சீழ் போகணும். மாத்திரை கொடுத்து, மூக்குச் சொட்டு மருந்து கொடுத்து, சில சமயம் அந்த ஓட்டை வழியாகவே மருந்துத் தண்ணீரால் கழுவி, உள்ளே சுத்தமான பிறகுதான் மூடுவாங்க. எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுப்பாங்க, பல் வேர் உடைந்து உள்ளே போயிருந்தால் அதில் தெரியும். சிலருக்கு மூக்கு வழியாகச் சின்னக் கருவி விட்டு சைனஸ் வாசலைத் திறந்துவிடணும். "ஓட்டையை உடனே மூடாமல் இழுத்தடிக்கிறாங்க" என்று கோபப்பட்டுப் பாதியில் வந்துவிடாதீங்க. சீழை உள்ளே வைத்து மூடினால் தையல் பிரிந்துவிடும்.

மூடுகிற முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். இங்கே தையல் படித்தவர்கள் நிறைய இருக்கீங்க, உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

முதல் முறை, கன்னத்துப் பக்க ஈறிலிருந்து ஒரு துண்டுச் சதையை, ஒரு பக்கம் ஒட்டியபடியே தூக்கி, முந்தானையை இழுத்து மூடுவது மாதிரி ஓட்டையின் மேல் இழுத்து, அண்ணப் பக்கம் வைத்துத் தைப்பது. ஜெர்மனியில் ரேர்மன் என்பவர் 1936ல் எழுதிய முறை, இன்றும் பரவலாகச் செய்கிறாங்க. இழுத்துப் பிடித்துத் தைத்தால் என்ன ஆகும்? ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால் தையல் விடுவது மாதிரி விட்டுவிடும். அதனால் நாம் உள்மடிப்பைப் பிரித்துவிட்டுத் துணியைத் தளர்த்துகிறோமே, அதே மாதிரி சதையின் அடிப்பக்கம் இருக்கும் விறைப்பான உறையை லேசாகக் கீறித் தளர்த்திக்கொள்வாங்க. இந்த முறையில் ஒரு குறை, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் கொஞ்சம் குறைந்துவிடும். பின்னால் செட்டுப் பல் கட்டும்போது பிடிமானம் கொஞ்சம் கஷ்டமாகலாம்.

இன்னொரு முறையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. நம் ஒவ்வொருவர் கன்னத்துக்குள்ளேயும் ஒரு கொழுப்பு உருண்டை இருக்கு. எகியெடி என்ற மருத்துவர் 1977ல் இதை வைத்து இப்படிப்பட்ட ஓட்டைகளை மூடலாம் என்று எழுதினார். வாய்க்குள்ளேயே சின்னக் கீறல் போட்டு, அந்தக் கொழுப்பை மெள்ள வெளியே இழுத்து, இரத்த ஓட்டம் அறுபடாமல் ஓட்டையில் நிரப்பித் தைத்துவிடுவாங்க. மூணு நாலு வாரத்தில் அதன் மேல் வாய்த் தோல் தானே படர்ந்துவிடும். "எனக்கு உடம்பில் சதையே இல்லையே" என்று ஒரு அக்கா கேட்டாங்க. மெலிந்த உடம்பிலும் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் இருக்கும். கொஞ்சம்தான் எடுப்பதால் கன்னம் ஒட்டிப்போய் முகம் மாறிவிடாது.

மூணாவது, அண்ணத்துச் சதையை அதன் இரத்தக் குழாயோடு சேர்த்துத் திருப்பி வைப்பது. கெட்டியான சதை, நன்றாகத் தாங்கும். எடுத்த இடம் அண்ணத்தில் பச்சைப் புண்ணாக இருக்கும், தானே ஆறும், அதுவரை சாப்பிடக் கொஞ்சம் சிரமம். எந்த முறை யாருக்கு என்பதை ஓட்டையின் அளவையும் இடத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். சின்ன வேலை என்றால் மரத்துப்போகிற ஊசி போட்டே செய்துவிடுவாங்க. சைனஸையும் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால் மயக்கம் கொடுப்பாங்க.

அறுவை சிகிச்சை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அடுத்த ரெண்டு வாரம் நம் கையில்தான் இருக்கு. வாய்க்குள் பலமாகக் காற்றை அடைக்கவோ உறிஞ்சவோ கூடாது, மூக்கைச் சிந்தவும் கூடாது. எல்லாம் இதற்குள் அடக்கம். ஆனால் நம் வீட்டில் அது எத்தனை விதமாக வருகிறது பாருங்க. விறகடுப்பு வைத்திருப்பவர்கள் ஊதுகுழலைத் தொடக்கூடாது, வீட்டில் வேறு யாராவது ஊதட்டும், அல்லது அந்த ரெண்டு வாரம் கேஸில் சமைக்கட்டும். பேரப்பிள்ளைக்குப் பலூன் ஊதக்கூடாது. குழாய் வைத்து இளநீர் உறிஞ்சக்கூடாது, டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். தும்மல் வந்தால் வாயை மூடி அடக்கக்கூடாது, நன்றாக வாயைத் திறந்து தும்மணும். நாலு பேர் முன்னால் அநாகரிகமாக இருக்கும்தான், துண்டை வைத்துக்கொண்டு தும்முங்க. மூக்குப்பொடி போடும் ஆயாமார் இங்கே சிலர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் கஷ்டம். பொடி போட்டால் தும்மல், தும்மினால் தையல் போச்சு. புகையிலையும் வேண்டாம், வெற்றிலையோடு போட்டாலும் பாக்கெட்டில் வந்தாலும் அது புண்ணை ஆறவிடாது.

தலை குனிந்து செய்கிற வேலை, நடவு, களை எடுப்பு, மல்லாட்டை பிடுங்குவது, குடம் தூக்குவது, ஏரி வேலையில் மண் கூடை தூக்குவது, இதெல்லாம் மருத்துவர் சொல்கிற வரை நிறுத்தணும். இதுதான் நடக்காத காரியம் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போனால் வாரத் தவணை நிற்கும். அதனால் குழுவாக முடிவெடுங்க. அறுவை சிகிச்சைக்குப் போகும் உறுப்பினரின் தவணையை ரெண்டு வாரம் தள்ளிவைக்கலாமா என்று தீர்மான நோட்டில் எழுதிப் பேசுங்க. சில குழுக்கள் பிரசவத்துக்கு அப்படிச் செய்கின்றன.

சாப்பாட்டுக்கு ஆறின கஞ்சி, கூழ், குழைய வடித்த சோறு, பருப்பு, இட்லி. மறுபக்கம்தான் மெல்லணும். முதல் நாள் கொப்பளிக்கவே கூடாது. அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, தானாக விழ விடணும். "களக் களக்" என்று அலசக்கூடாது. இரவில் தலைக்கு ரெண்டு தலையணை. தையல் பிரிக்கப் பத்து நாள் முதல் ரெண்டு வாரம் ஆகும், அதற்கு முன் நாக்கால் நெருடிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்க. அது எல்லோருக்கும் இருக்கு!

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்கணும். மேல் பல் எடுத்த குழி ஆறவில்லை என்றால் எல்லாமே இந்த ஓட்டைதான் என்று நினைத்துவிடக் கூடாது. 2021ல் கொரோனா ரெண்டாவது அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் வந்தது நினைவிருக்கும். அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அப்போது மேல் பல் ஆட ஆரம்பித்து, பல்லை எடுத்தும் ஆறாமல், மேல் தாடை எலும்பையே எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு. அதில் நிறையப் பேர் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயாளிகள். கொரோனா போனாலும் சர்க்கரை போகவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் பல் எடுக்கும் முன் அளவைப் பார்த்துக்கொண்டு போங்க. அதே மாதிரி, காரணமே இல்லாமல் ஒரு பக்க மேல் பற்கள் வரிசையாக ஆடினாலோ, கன்னம் மரத்துப்போனாலோ, மூக்கில் இரத்தம் கலந்து வந்தாலோ, அது கட்டியாகவும் இருக்கலாம். அதனால்தான் சில சமயம் துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவாங்க. அனுப்பினாலே புற்றுநோய் என்று அழ ஆரம்பிக்க வேண்டாம், இல்லை என்று உறுதி செய்யவும் அதே பரிசோதனைதான்.

எங்கே போவது? பல் எடுத்த மருத்துவரிடம்தான் முதலில், அன்றைக்கே. ஆனால் அவர் மருத்துவராக இருக்கணும். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் உட்கார்ந்து பல் புடுங்குபவர்கள் இருக்கிறாங்க. 1948ல் வந்த பல் மருத்துவர் சட்டப்படி, பதிவு செய்த பல் மருத்துவர்தான் இந்த வேலையைச் செய்யலாம். பி.டி.எஸ். படிப்பும் பதிவு எண்ணும் பலகையில் இருக்கா என்று பாருங்க, படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்க. மேல் கடைவாய்ப் பல் என்றால், "எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாங்க. வேர் சைனஸை ஒட்டியிருப்பது தெரிந்தால் பல்லைத் துண்டு துண்டாக்கி வேர் வேராக எடுப்பாங்க, எலும்பு தப்பிக்கும்.

அறுவை சிகிச்சை தேவை என்றால், நமக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2010லிருந்து இருக்கு. திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினால் கோரிமேட்டில் ஜிப்மர் வாசலிலேயே இறங்கலாம், அங்கே பல் பிரிவும் உண்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவும் உண்டு. பக்கத்திலேயே மகாத்மா காந்தி பெயரில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி. சிதம்பரம் பக்கம் அண்ணாமலை நகரிலும், சென்னையில் 1953லிருந்தும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இதற்கென்று நகை அடகு வைத்துத் தனியாரிடம் போக அவசியமில்லை என்பது எங்கள் எண்ணம். கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கணும். துணைக்குக் குழுவில் ஒருவர் போங்க.

கடைசியாக ரெண்டு கேள்வி வந்தது.

"எனக்குப் பல் எடுத்து மூணு வருஷம் ஆச்சு, இப்பவும் எப்பவாவது மூக்கில் தண்ணி வருது. இனிமே மூட முடியுமா?" முடியும். நாள்பட்டதால் சைனஸைச் சுத்தம் செய்யும் வேலை சேரும், சில பேருக்கு ரெண்டாவது தடவையும் செய்ய வேண்டிவரும், அவ்வளவுதான். வலி இல்லை என்று விட்டுவிடாதீங்க.

"மூடின பிறகு அந்த இடத்தில் பல் கட்டிக்கலாமா?" கட்டிக்கலாம், ஆனால் நன்றாக ஆறிய பிறகு, மருத்துவர் சரி என்ற பிறகு. கழற்றி மாட்டும் பல் என்றால் சுலபம். எலும்பில் திருகி வைக்கும் பல் வேண்டும் என்றால், அங்கே எலும்பு எவ்வளவு இருக்கு என்று மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும். பல் கட்டப் போகும்போது, எந்த முறையில் ஓட்டையை மூடினாங்க என்று எழுதிய பழைய சீட்டையும், சர்க்கரை நோட்டையும் மறக்காமல் எடுத்துட்டுப் போங்க.